அமானிதமும் ஆசனமும்

மதரஸாவில் நாம் ஓதிய நாளில், அரபு இலக்கணம் கற்பித்த உஸ்தாது அவர்கள் ஒரு சொல்லை எடுத்துக்கொண்டால் அதன் வேரைக் காட்டாமல் விடமாட்டார்கள். ‘அம்ன்’ என்றால் அச்சமின்மை. ‘அமீன்’ என்றால் நம்பிக்கைக்கு உரியவர். ‘ஈமான்’ என்றால் நம்பிக்கை. ‘அமானத்’ என்றால் நம்பி ஒப்படைக்கப்பட்ட பொருள். நான்கும் ஒரே வேரில் கிளைத்தவை. நான்காவது சொல்லைத் தமிழ் முஸ்லிம்களாகிய நாம் ‘அமானிதம்’ என்று ஆக்கி, வீட்டுப் பேச்சிலேயே வைத்துக்கொண்டோம். வெளியூர் செல்லும் அண்டை வீட்டார் கொடுத்துச் செல்லும் சாவியும் அமானிதம். சபுராளி சென்ற தம்பி அண்ணனிடம் விட்டுச் சென்ற நிலப்பத்திரமும் அமானிதம். உஸ்தாது அவர்கள் இன்னொன்றும் கூறுவார்கள்: “அமானிதம் வாங்கியவர் அதற்கு உரிமையாளர் அல்லர், பதில் சொல்லக் கடமைப்பட்டவர்.”

இதே சொல் கடல் கடந்து மலாய் மொழியிலும் குடியேறி ‘அமானா’ ஆயிற்று. 1982ஆம் ஆண்டு மலேசியப் பொதுத் தேர்தலில், பிரதமர் மகாதீர் முகம்மது தலைமையிலான ஆளும் கூட்டணி மக்கள் முன் வைத்த முழக்கம் மூன்றே சொற்களால் ஆனது: தூய்மை, திறமை, அமானிதம். அரசு ஊழியர் நெஞ்சில் பெயர்ப்பட்டை அணிந்தனர். அலுவலகத்தில் நுழையும் நேரத்தை அட்டையில் பதிந்தனர். அதற்கு முந்தைய ஆண்டு மக்களின் சிறுசேமிப்பைப் பங்குகளில் இடுவதற்கென அரசு தொடங்கிய திட்டத்தின் பெயரிலேயே ‘அமானா’ என்னும் சொல் முதலில் நின்றது.

அந்தச் சொல்லை அவ்வளவு உயரத்தில் எழுதி வைத்த நாட்டில், அரசு நிறுவனங்களின் இயக்குநர் ஆசனங்கள் எவ்வாறு அரசியல் பரிசுகளாயின என்பதையே ஈண்டு எழுத முற்படுகிறோம். மலேசியாவைத் தேர்ந்துகொண்டதற்குக் காரணம் உண்டு. பினாங்கிலும் ஈப்போவிலும் கோலாலம்பூரிலும் நம்மவர் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்கின்றன. கடையநல்லூரிலும் நாகூரிலும் அந்நாட்டுக் கடிதம் வராத தெரு அரிது. அன்றியும், அங்கு ஆசனத்தில் அமர்ந்தோர் கையாண்ட பணங்களுள் ஒன்று ஏழை முஸ்லிம்கள் ஹஜ்ஜுக்கெனச் சேர்த்த பணம். ஆகவே இது அயலார் கதை என்று கடந்து செல்ல இயலவில்லை.

ஆசனங்கள் தோன்றிய வரலாறு

1969ஆம் ஆண்டு மே 13ஆம் நாள் கோலாலம்பூரில் மூண்ட இனக்கலவரம் மலேசிய வரலாற்றைத் திசை திருப்பியது. அதன் விளைவாக 1971இல் புதிய பொருளாதாரக் கொள்கை வகுக்கப்பட்டது. இனம் பாராமல் வறுமையை ஒழிப்பது அதன் முதல் நோக்கம். செல்வத்தில் இனங்களுக்கிடையே இருந்த பள்ளத்தை நிரப்புவது இரண்டாம் நோக்கம். 1970இல் கம்பெனிப் பங்குகளில் மலாய்க்காரர் முதலான பூர்வகுடியினர் கையில் இருந்தது ஏறத்தாழ 2.4 சதவீதமே. 1990க்குள் அதனை 30 சதவீதமாக உயர்த்துவது என்று குறிக்கோள் வைத்தார்கள்.

உழவனிடமும் மீனவனிடமும் பங்கு வாங்கப் பணம் ஏது? எனவே அவர்கள் சார்பில் அரசே நிறுவனங்களை அமைத்துப் பங்குகளை வாங்கி வைத்துக்கொண்டது. 1969இல் பெர்னாஸ், 1974இல் எண்ணெய் நிறுவனமான பெட்ரோனாஸ், 1978இல் தேசிய முதலீட்டு நிறுவனம் என ஒன்றன்பின் ஒன்றாகத் தோன்றின. இவற்றின் இயல்பை நாம் ஊன்றி நோக்க வேண்டும். ஏழைக்குச் சேர வேண்டியதை அரசு தன் கையில் பிடித்து வைத்திருக்கிறது. அமானிதத்துக்கு இதனினும் தெளிவான எடுத்துக்காட்டு வேண்டுவதில்லை.

ஆயினும் ஒவ்வொரு நிறுவனத்துக்கும் ஓர் இயக்குநர் குழு வேண்டும். குழுவுக்குத் தலைவர் வேண்டும். தலைவருக்குச் சம்பளமும் வாகனமும் உண்டு. அவற்றைவிடப் பெரிது, யாருக்கு ஒப்பந்தம், யாருக்கு வேலை, யாருக்குக் கடன் என்பதில் அவருக்குள்ள வாய்ச்சொல். நிறுவனங்கள் பெருகப் பெருக, ஆள்வோர் கையில் கொடுப்பதற்கான ஆசனங்களும் பெருகின.

தொடக்கத்தில் எல்லாமே கெட்டுப்போயின என்று கூறுவது நேர்மையாகாது. 1981 செப்டம்பர் 7ஆம் நாள் காலை, இலண்டன் பங்குச் சந்தையில் தேசிய முதலீட்டு நிறுவனம் சில மணி நேரத்துக்குள் கத்ரி கம்பெனியின் பங்குகளை வாங்கிக் குவித்து, அதன் ஆதிக்கத்தைக் கைப்பற்றியது. எத்தனையோ தமிழ்த் தொழிலாளர் பால்மரம் சீவி உழைத்த தோட்டங்களின் உரிமையாளராக 1821 முதல் வணிகம் செய்துவந்த பிரித்தானியக் கம்பெனி அது. அம்முயற்சியை முன்னின்று நடத்தியவர் நிறுவனத் தலைவர் இஸ்மாயில் முகம்மது அலி. அவர் பிரதமர் மகாதீரின் துணைவியாருக்கு உடன்பிறந்தவர்!

“பார்த்தீர்களா, மைத்துனருக்குப் பதவி!” என்று ஒருவர் கூறக்கூடும். பொறுத்திருங்கள். மகாதீர் பிரதமரானது 1981 ஜூலையில். இஸ்மாயில் அலியோ 1962 முதல் 1980 வரை பதினெட்டு ஆண்டுகள் நாட்டின் மத்திய வங்கியை ஆண்டவர். கண்டிப்புக்குப் பெயர் பெற்றவர். ஆளைப் பொறுப்புக்குக் கொண்டுவந்தது அவருடைய தகுதி. உறவு பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது. உறவினர் என்பதாலேயே ஒருவர் தகுதியற்றவர் ஆகிவிடமாட்டார். உறவு, கட்சி, விசுவாசம் ஆகியவற்றை நீக்கிவிட்டுப் பார்த்தால் அவரிடம் என்ன எஞ்சுகிறது என்பதே கேள்வி. இந்த உரைகல்லைக் கையில் வைத்துக்கொண்டு மேலே செல்வோம்.

முழக்கத்துக்கு அடுத்த ஆண்டு

‘அமானிதம்’ தேர்தல் முழக்கமான 1982க்கு அடுத்த ஆண்டிலேயே முதல் இடி விழுந்தது. பூர்வகுடியினர் முன்னேற்றத்துக்கென 1965இல் அரசு நிறுவிய பேங்க் பூமிபுத்ரா, ஹாங்காங்கில் ஒரு கிளை நிறுவனம் வைத்திருந்தது. அந்தக் கிளை, ‘கேரியன்’ என்னும் நிலவணிகக் கூட்டத்துக்கு வரம்பின்றிக் கடன் கொடுத்தது. கூட்டம் சரிந்தது, இழப்பு ஏறத்தாழ 250 கோடி ரிங்கிட். கணக்கை ஆராயத் தலைமை வங்கி அனுப்பிய ஜலீல் இப்ராஹீம் என்னும் அதிகாரி, 1983 ஜூலையில் ஹாங்காங்கில் கொலை செய்யப்பட்டு வாழைத்தோட்டம் ஒன்றில் கிடந்தார்.

கிளையின் இயக்குநர்களுள் சிலர் பின்னாளில் ஹாங்காங் நீதிமன்றத்தில் தண்டனை பெற்றார்கள். நாட்டின் தலைமைத் தணிக்கையாளர் அகமது நூர்தீன் தலைமையில் அமைந்த விசாரணைக் குழுவின் அறிக்கை 1986இல் வெளியாயிற்று. வங்கியையோ 1984இல் பெட்ரோனாஸ் வாங்கிக் கரையேற்ற வேண்டியதாயிற்று. அதாவது நாட்டு மக்களின் எண்ணெய்ப் பணம் நாட்டு மக்களின் வங்கிப் பணத்துக்கு ஈடு கட்டியது. ஒரு பையில் விழுந்த ஓட்டையை மற்றொரு பையிலிருந்து துணி கிழித்து அடைத்தார்கள்.

இதிலிருந்து கற்றிருக்க வேண்டிய பாடம் ஒன்று உண்டு. திருடுபவன் ஒருவனாக இருக்கலாம். ஆனால் அவனைக் கேள்வி கேட்பதற்கென்றே ஒரு குழு அமர்ந்திருக்கிறது. அக்குழு கேளாதிருந்தால்தான் திருட்டு வளரும். பதவி தந்தவரின் முகம் பார்த்து அமர்ந்திருப்பவருக்குக் கேட்கும் நா எழுவதில்லை.

ஹஜ்ஜுப் பணம்

பழைய நாளில் மலாய்க் கிராமத்தார் ஹஜ்ஜுக்குச் செல்வதற்கு, நம் பாட்டன் பூட்டன் செய்தது போலவே, பணத்தை வீட்டில் ஒளித்துச் சேர்த்தனர். போதாவிட்டால் நிலத்தையும் மாட்டையும் விற்றனர். வட்டி கலந்த வங்கிக்குச் செல்ல அவர்களுக்கு மனம் வரவில்லை. ஹஜ்ஜு முடித்துத் திரும்பியவர் வறுமையில் வீழ்ந்தார். இதனைக் கண்ட பொருளாதாரப் பேராசிரியர் உங்கு அஸீஸ் 1959இல் ஒரு திட்டம் எழுதினார். ஹஜ்ஜுச் செல்ல விரும்புவோர் சிறுகச் சிறுகப் பணம் செலுத்தவும், அப்பணத்தை ஆகுமான தொழில்களில் முதலிட்டு வரும் இலாபத்தைப் பங்கிட்டுக் கொடுக்கவும் ஓர் அமைப்பு வேண்டும் என்றார். 1963இல் அது செயலுக்கு வந்தது. 1969இல் ஹஜ்ஜு அலுவலகத்துடன் இணைந்து, இன்று ‘தாபுங் ஹாஜி’ என்று உலகம் போற்றும் அமைப்பாக வளர்ந்தது. சேமிப்பாளர் எண்ணிக்கை 90 லட்சத்தைக் கடந்தது. முஸ்லிம் உலகத்தில் இதற்கு இணை காண்பது அரிது என்று நாமும் மாணவர்களிடம் பெருமையுடன் கூறி வந்தோம்.

2013இல் இவ்வமைப்பின் தலைமை ஆளுங்கட்சியின் நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவரிடம் ஒப்படைக்கப்பட்டது. 2015 மே மாதத்தில் ஒரு செய்தி வெடித்தது. 1எம்டிபி என்னும் மற்றோர் அரசு நிறுவனம், கோலாலம்பூரில் ஏறத்தாழ 70 ஏக்கர் நிலத்தை அரசிடமிருந்து சுமார் 19 கோடியே 40 லட்சம் ரிங்கிட்டுக்குப் பெற்றிருந்தது. அதில் சுமார் ஒன்றரை ஏக்கரை மட்டும் தாபுங் ஹாஜி 18 கோடியே 85 லட்சம் ரிங்கிட் கொடுத்து வாங்கியது! எழுபது ஏக்கரின் விலை ஒன்றரை ஏக்கருக்கு வந்து சேர்ந்தது. கடனில் மூழ்கிக்கொண்டிருந்த நிறுவனத்துக்கு ஹாஜிகளின் பணமா என்று மக்கள் கொதித்தெழுந்தனர். நிலத்தை விற்றுவிடுமாறு பிரதமரே அறிவுரை கூறும் நிலை வந்தது.

அதே ஆண்டு இறுதியில், அமைப்பின் கையிருப்பு பற்றாக்குறையாகிவிட்டது என்று மத்திய வங்கி ஆளுநர் எச்சரித்து எழுதிய கடிதம், 2016 ஜனவரியில் வெளியே கசிந்தது. சேமிப்பாளருக்குத் தரவேண்டிய கடனைவிடச் சொத்து மிகுதியாக இருந்தாலன்றி இலாபம் பங்கிடலாகாது என்பது அவ்வமைப்பின் சட்டம். எனினும் இலாபப் பங்கீடு நிற்கவில்லை. ஆட்சி மாறியபின் 2018 டிசம்பரில் வெளியான தணிக்கையாளர் அறிக்கை, 2017 இறுதியில் சொத்து கடனைவிட 410 கோடி ரிங்கிட் குறைந்திருந்தது என்று காட்டியது. 2017ஆம் ஆண்டுக்கு 4.5 சதவீதமாக இருந்த இலாபப் பங்கு, அடுத்த ஆண்டுக்கு 1.25 சதவீதமாயிற்று. அரசு ஒரு தனி நிறுவனம் அமைத்து, நலிந்த சொத்துக்களை 1,990 கோடி ரிங்கிட்டுக்கு எடுத்துக்கொண்டது. 2022இல் முன்னாள் தலைமை நீதிபதி ஒருவர் தலைமையில் அரச விசாரணை ஆணையமும் அமைந்தது.

பங்குச் சந்தை சரிவும் இதற்கு ஒரு காரணம் என்பதை மறுக்கலாகாது. சேமிப்புத் தொகைக்கு அரசின் உத்தரவாதம் சட்டத்தில் இருப்பதால் எந்த ஹாஜியும் முதலை இழக்கவில்லை என்பதும் உண்மை. ஆனால் ஏன் கணக்கு உள்ளபடி காட்டப்படவில்லை? இலாபத்தைக் குறைத்தால் சேமிப்பாளர் கோபம் கொள்வர்; சேமிப்பாளர் அனைவரும் வாக்காளர். தலைவரோ தேர்தலில் வாக்குக் கேட்கப் போகிறவர். கசப்பான கணக்கை வாசிக்கும் துணிவு அந்த ஆசனத்தில் எப்படிப் பிறக்கும்?

குடியேற்றக்காரர் நிலம்

நிலமற்ற ஏழைகளைக் காடு திருத்திக் குடியமர்த்த 1956இல் தோன்றிய பெல்டா என்னும் வாரியத்தின் கதையும் இதற்கு அண்மையானது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட குடும்பங்கள் அதன் நிழலில் செம்பனையும் ரப்பரும் பயிரிட்டு வாழ்கின்றன. 2011இல் அதன் தலைவராக இசா சமாத் என்னும் முன்னாள் அமைச்சர் அமர்த்தப்பட்டார். கட்சித் தேர்தலில் பணம் விளையாடிய குற்றத்துக்காக 2005இல் அவருடைய கட்சியே அவரை இடைநீக்கம் செய்திருந்தது. கட்சி வேலைக்கு ஆகாதவர் என்று ஒதுக்கப்பட்டவர், ஏழைகளின் நிலத்துக்குக் காவலராக ஏற்றுக்கொள்ளப்பட்டார்!

2012இல் பெல்டாவின் வணிகக் கம்பெனி 4.55 ரிங்கிட் விலையில் பங்குகளை விற்றது. உலகமே வியந்த விற்பனை அது. 2018 முடிவதற்குள் அப்பங்கு ஒரு ரிங்கிட்டுக்கும் கீழே வீழ்ந்தது. 2019 ஏப்ரலில் நாடாளுமன்றத்தில் வெள்ளை அறிக்கை வைத்து, 623 கோடி ரிங்கிட் உதவியை அரசு அறிவிக்க வேண்டியதாயிற்று.

117ஆம் விதி

எல்லாவற்றுக்கும் முடிபாக அமைந்தது முன்னே சொன்ன 1எம்டிபி. 2009இல் பிரதமர் நஜீப் ரசாக் காலத்தில் அது உருவாயிற்று. அவரே நிதியமைச்சர், நிறுவனத்தின் ஆலோசனைக் குழுத் தலைவரும் அவரே. அதன் அமைப்புச் சாசனத்தில் 117ஆம் விதி என்று ஒன்று இருந்தது. இயக்குநரை அமர்த்தவும் நீக்கவும், பெரிய நிதிப் பொறுப்புகளை ஏற்கவும் பிரதமரின் எழுத்து மூலமான ஒப்புதல் வேண்டும் என்றது அவ்விதி. அரசியல் சாய்வு அதுவரை நடைமுறையில் மறைவாக இருந்தது. இங்கே அது விதியாகவே எழுதப்பட்டது.

முதல் தலைவராக அமர்ந்தவர் முகம்மது பாக்கே சாலிஹ். முன்னர் தாபுங் ஹாஜியின் நிருவாகத்தையும் நடத்தியவர். 2009 செப்டம்பரில் ஒரு கூட்டுத் தொழிலுக்கென அனுப்பப்பட்ட 100 கோடி டாலரில் 70 கோடி டாலர், இயக்குநர் குழு இட்ட ஆணைக்கு மாறாக, வேறொரு கணக்குக்குச் சென்றது. அதையறிந்த அவர் அடுத்த மாதமே பதவியைத் துறந்தார். மறு ஆண்டுத் தொடக்கத்தில் மற்றோர் இயக்குநரும் விலகினார். அவர்கள் தம் அமானிதத்தைக் காத்தார்கள். ஆனால் காலியான ஆசனம் காலியாகவே இருக்கவில்லை. பணம் செல்வதும் நிற்கவில்லை. 450 கோடி டாலருக்கு மேல் சூறையாடப்பட்டதாக அமெரிக்க நீதித்துறை 2017இல் கணக்கிட்டது.

இந்நிறுவனத்தின் கிளையாகத் தோன்றிய எஸ்ஆர்சி நிறுவனத்துக்கு, அரசு ஊழியரின் ஓய்வூதிய நிதியிலிருந்து 400 கோடி ரிங்கிட் கடன் சென்றது. அந்நிறுவனத்தின் பணத்தில் 4 கோடியே 20 லட்சம் ரிங்கிட் நஜீப் ரசாக்கின் கணக்குக்கு வந்த வழக்கில், 2020 ஜூலையில் உயர்நீதிமன்றம் அவருக்குப் பன்னிரண்டு ஆண்டுச் சிறை விதித்தது. 2022 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் அதனை உறுதி செய்ய, அவர் சிறை புகுந்தார். 2024இல் மன்னிப்பு வாரியம் தண்டனையைப் பாதியாக்கியது. நீதி வந்தது, ஆனால் பணம் போன பதினோராம் ஆண்டில் வந்தது.

இரண்டு வாக்கின் விலை

இத்தனைக்குப் பிறகாவது பாடம் நிலைத்ததா? 2018 மே மாதத் தேர்தலில் அரை நூற்றாண்டுக்கு மேல் ஆண்ட கூட்டணி வீழ்ந்தது. ஆசனங்களிலிருந்து அரசியல்வாதிகள் இறங்கினர். ஆனால் 2020 பிப்ரவரியில் புதிய ஆட்சியும் உடைந்து, மார்ச் முதல் நாளில் வேறொரு கூட்டணி பதவியேற்றது. 222 உறுப்பினர் கொண்ட அவையில் அதற்கிருந்த பெரும்பான்மை மயிரிழை. அவைத்தலைவரை நீக்கும் தீர்மானம் ஜூலையில் 111க்கு 109 என்று நிறைவேறியதே அதற்குச் சான்று.

இரண்டு வாக்கில் ஓர் ஆட்சி தொங்கும்போது, ஒவ்வோர் உறுப்பினரும் விலையுயர்ந்தவர் ஆகிவிடுகிறார். அமைச்சர் பதவியோ எல்லோருக்கும் எட்டாது. ஆகவே, அமைச்சராகாத ஆதரவு உறுப்பினர்களுக்கு அரசு நிறுவனத் தலைமை தரப்படும் என்று சட்டத்துறைப் பொறுப்பிலிருந்த அமைச்சரே 2020 ஏப்ரலில் வெளிப்படையாகக் கூறினார். பல உறுப்பினர்கள் அவ்வாறே அமர்ந்தார்கள். முன்னாளில் மறைவாகச் செய்தது இப்போது வெட்கமின்றிச் சொல்லப்பட்டது. 2022 நவம்பரில் வந்த அன்வார் இப்ராஹீம் அரசு, அரசியல் நியமனங்களை முடிவுக்குக் கொண்டுவந்தது. எனினும் 2023க்குள் கூட்டணிக் கட்சித் தலைவர்கள் சிலர் மீண்டும் வாரியங்களின் தலைமையில் அமர்ந்தனர்.

ஒரு மறுப்பு கூறப்படுவதுண்டு: “மக்கள் தேர்ந்தெடுத்த அரசு தன் கொள்கையை நிறைவேற்றத் தன் ஆட்களை அமர்த்தாமல் வேறு யாரை அமர்த்தும்? அரசியல்வாதி மக்களை அறிந்தவர் அல்லவா?” இதில் உண்மை இல்லாமலில்லை. கொள்கை வகுப்பது அமைச்சரின் உரிமை. ஆனால் நாடாளுமன்ற உறுப்பினரின் வேலை யாது? அரசு நிறுவனத்தின் கணக்கை அவையில் எழுந்து கேட்பது. அவரே அந்நிறுவனத்தின் தலைவராகிவிட்டால், கேட்பவரும் பதில் சொல்பவரும் ஒருவராகி விடுகின்றனர். முத்தவல்லியே தணிக்கையாளராக இருக்கும் ஜமாஅத்தின் கணக்கை நாம் எவ்வளவு நம்புவோம்?

அரை நூற்றாண்டு வரலாற்றைத் தொகுத்துப் பார்க்கும்போது ஒன்று தெளிவாகிறது. ஆட்சியாளரின் நற்குணத்தை மட்டும் நம்பி இந்நோயைத் தீர்க்க இயலாது. மலேசியாவில் ஆட்சிகள் மாறின. ஆசனத்தைக் கொடுக்கும் கை மாறவில்லை. நியமனத்துக்கு முன்னரே தகுதியை ஊரறிய வெளியிடவும், பதவியிலுள்ள உறுப்பினரை விலக்கவும், குறித்த தவணைக்கு முன் காரணமின்றி நீக்காதிருக்கவும் சட்டம் வேண்டும். பாக்கே சாலிஹைப் போன்றவர் விலகும்போது, ஏன் விலகினார் என்று மக்கள் மன்றத்தில் கேட்கப்பட வேண்டும். 1982இல் ‘அமானிதம்’ சுவரில் எழுதப்பட்டது, சட்டத்தில் எழுதப்படவில்லை.

நம் ஊர்களில் அரசு நிறுவனங்கள் நம் கையில் இல்லை. ஆனால் பள்ளிவாசல் நிருவாகமும், மதரஸாவின் நிதியும், வக்பு நிலமும் நம் கையில் இருக்கின்றன. அவற்றுக்குப் பொறுப்பாளரைத் தெரிவு செய்யும் நாளில், “இவர் யாருடைய மாமன் மகன்? எந்தக் கட்சி?” என்ற கேள்விகளே முதலில் எழுவதை நாமறிவோம். உஸ்தாது அவர்கள் கற்பித்த சொல்லின் வேரை அந்த நாளில் நினைவுகூர்ந்து, “இவர் கணக்கு எழுதத் தெரிந்தவரா? கேட்டால் காட்டுவாரா?” என்ற இரண்டு கேள்விகளை மாத்திரம் முதலில் கேட்போமாக. நிலத்தையும் மாட்டையும் விற்காமல் ஹஜ்ஜுக்குச் செல்லலாம் என்று நம்பித் தன் சிறு தொகையைக் கொண்டுவந்து கட்டிய அந்த மலாய்க் கிழவிக்கு நாம் செய்யக்கூடிய மரியாதை அதுவே.